வாயாடிகளின் காதுகள்

ஏப்ரல் 9, செவ்வாய்

மூன்று நாளாக அடித்த புரா, மலையிலிருந்து இறங்கும் வறண்ட வாடைக்காற்று, ஓய்ந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் வீடுகளின் ஜன்னலைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இந்த மாதிரி நாளில் எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சுத்தம் செய்யும் பேய் பிடித்துவிடும். அம்மா திரைச்சீலைகளைக் கழற்றினாள். நான் ஸ்பிளிட் நகரத்துக்கு பஸ் ஏறிப் போய் ஆபீசில் பழைய காதுகளைக் கழித்துப் போட்டேன்.

பத்து வருஷம் கழித்து இதைப் படித்துவிட்டு நானே முழிக்கக் கூடாது என்பதற்காக: காது மந்தமானவர்கள் எங்களிடம் வருவார்கள். ஆபீசில் என்னோடு வேலை செய்யும் அங்கிட்சா அக்கா அவர்கள் காதுக்குள் சிலிகான் பசையை ஏற்றுவாள். இறுகியதும் உருவினால் காதின் உட்புறம் அச்சாகக் கையில் வந்துவிடும். அதை ஸ்கேன் செய்தால் திரையில் ஒரு முப்பரிமாண உருவம். லட்சம் பொடி முக்கோணங்களை ஒட்டுப்போட்டுத் தைத்த தோல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மேற்பரப்பைப் பார்த்து, காது மிஷின் உட்காரும் பிளாஸ்டிக் ஓட்டின் விளிம்பை எங்கே வெட்டுவது, எங்கே இறுக்குவது என்று இத்தனை நாள் அக்காவின் கண் சொன்னது. இப்போது கணினிக்குள் நான் பழக்கிவைத்திருக்கும் பயல் சொல்கிறான். கட்டுரை எழுதினால் 'நரம்பணு வலைப்பின்னல்' என்பேன். வாயில் வருவது பயல்தான்.

இன்று கழித்தது, அச்சு எடுக்கும்போது வாயை மூடாதவர்களின் ஸ்கேன்களை. பசை இறுகும்வரை பேசாதே, மெல்லாதே, சிரிக்காதே என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். எங்கள் ஊர்க்காரன் கேட்டால்தானே. அவர்களுக்கென்றே 'வாயாடிகள்' என்று கணினியில் ஒரு தனி அடைவு இருந்தது. அத்தனையும் கோணல் காதுகள். மொத்தமாக அழித்தேன், காப்புப் பிரதியையும் சேர்த்து. பயலின் தப்புகள் சாயங்காலத்துக்குள் பாதியாகக் குறைந்துவிட்டன. எனக்கு ஒரே பெருமை.

நாளைக்கு அப்பாவின் ஓடு தயார். முழுக்கப் பயல் வடிவமைத்தது.

ஏப்ரல் 10

அப்பா மிஷினை மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் கப்பல் கட்டும் துறையில் சம்மட்டிச் சத்தத்தில் கரைந்த காதுகள். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். பிறகு, "நம்ம ஃப்ரிட்ஜ் எப்பவுமே இப்படித்தான் முனகுமா?" என்றார்.

அம்மா அடுப்படியில் கீரையைக் கிளறிக்கொண்டே தனக்குள், "போச்சு. இனிமே இந்த மனுஷனைத் திட்டக்கூட வெளியில போகணும்" என்றாள்.

அப்பா முன்னறையிலிருந்து, "கேட்டுச்சு" என்றார்.

அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

என்னத்தைச் சொல்ல.

வெள்ளிக்கிழமை பேப்போ மாமாவின் வைன் கிடங்கில் கிளாபா ஒத்திகை. ஒன்பது ஆண்கள், வாத்தியம் கிடையாது, அரைவட்டமாகத் தோளில் கை போட்டு நின்று நாலு குரலில் பாடுவார்கள். அப்பா அடிக்குரல். அம்மாவைக் கட்டுவதற்கு முன்பே அந்த அரைவட்டத்தில் அவருக்கு இடம் உண்டு. போன வருஷம் முழுக்க, பக்கத்தில் பாடுகிறவன் குரல் கேட்காமல் சுருதி இறங்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பேப்போ மாமாதான் தலைவர். பொறுத்துக்கொண்டார். அதற்குத்தான் இந்த மிஷின், இந்த ஓடு, இத்தனை பாடும்.

நானும் போயிருந்தேன், பெருமை பார்க்க. முதல் வரி. அப்பா வாயைத் திறந்தார். 'கீஈஈ' என்று ஒரு விசில்.

பாட்டு நின்றது. பேப்போ மாமா சுற்றிப் பார்த்து, "எவன்டா இங்க கெட்டில் வெச்சது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி விசில். வாய் மூடியிருக்கும்வரை சத்தமில்லை. திறந்தால் அலறுகிறது. நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை பேப்போ மாமாவின் தோளிலிருந்து இறங்கி, காதைப் பொத்திக்கொண்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் என்ன பேசினாலும் கேட்காது. அதனால் பேசவில்லை.

ஏப்ரல் 21

காரணம் தெரிந்ததுதான். வாயை அகலத் திறந்தால் (பேச்சுக்கு அவ்வளவு வேண்டாம்) தாடை எலும்பு முன்னால் நகர்கிறது. காதுக் குழாயின் முன்சுவரையும் கூடவே இழுக்கிறது. ஓட்டுக்கும் சதைக்கும் நடுவில் ஒரு மயிரிழைச் சந்து விழுகிறது. உள்ளே போன சத்தம் அந்தச் சந்து வழியாக வெளியே கசிந்து, மைக்கில் புகுந்து, மறுபடி உள்ளே போய் — அலறல்.

பெரிய துண்டாகக் கடித்தாலும் அதே கதை. அம்மாவுக்கு மட்டும் பரம சந்தோஷம்.

"நல்லதாப் போச்சுடி. பிர்ஷூத் எலும்பாட்டம் ஆயிட்டே வருதேன்னு நானும் பூனை மேல சந்தேகப்பட்டேன். இப்ப சரக்கறையில விசில் கேட்டாப் போதும், கையும் களவுமாப் பிடிச்சுடுவேன்."

பிர்ஷூத் என்பது உப்பில் ஊறவைத்துக் காற்றில் உலர்த்திய பன்றித் தொடை. டாக்டர் அப்பாவுக்கு உப்பே கூடாது என்று சொல்லியிருக்கிறார். சரக்கறைக்குப் பூட்டுப் போடச் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். பிடிப்பதில்தான் அவளுக்கு ருசி.

மே 7

அக்கா யோசனை: வாயைத் திறந்துவைத்தே அப்பாவுக்கு அச்சு எடுப்போம். பல்லுக்கு நடுவில் வைன் பாட்டில் தக்கை.

அப்பா தக்கையைக் கடித்துக்கொண்டே ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தார். அக்கா அவர் தோளில் ஒன்று போட்டாள். "உங்க பொண்ணு முகத்துக்காகப் பார்க்கிறேன் ஷ்பீரோ அண்ணே. இல்லன்னா பசையை வாயிலயே அப்பியிருப்பேன்."

மே 13

புது ஓட்டில் விசில் இல்லை. ஆனால் வாயை மூடினால் முன்சுவரில் போய் இடிக்கிறது. இரண்டே நாளில் காது புண்ணாகிச் சிவந்துவிட்டது. மனுஷன் இருபத்திநாலு மணி நேரமும் தக்கையைக் கடித்துக்கொண்டா இருப்பான்?

மே 24, வெள்ளி

இரண்டுக்கும் நடுவாக ஒரு ஓடு செய்து பார்த்தேன். கையால், கண் அளவில். 'ஓ' என்று பாடினால் அமைதி, 'ஆ' என்றால் அலறல். எங்கள் பாட்டுகளில் 'ஆ' இல்லாத வரி எது?

யூகோ நாலு நாளாக அடிக்கிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக் காற்று. தலை கனக்கும், சுவர் வேர்க்கும், எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுவார்கள். ஒத்திகை முடிந்ததும் பேப்போ மாமா அப்பாவைத் தனியாகக் கூப்பிடவில்லை, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"ஷ்பீரோ, நாப்பது வருஷப் பழக்கம், அதனால நேராவே சொல்றேன். மாதா திருவிழாவுல நீ நில்லு. நம்ம நடுவுலயே நில்லு. வாயை மட்டும் அசை. அடிக்குரலுக்கு ட்ரோகிர்லேர்ந்து டோன்ச்சியைச் சொல்லி வைக்கிறேன்."

அப்பா, "வாயை அசைச்சாத்தானேடா விசில் வருது" என்றார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யூகோ அடிக்கும்போது எடுத்த முடிவு செல்லாது. அந்தக் காலத்துல இந்தக் காத்து அடிச்சா ஊர்ச் சபையையே ஒத்திவைப்பாங்க. பேப்போவுக்கு இது தெரியாதா?" என்றாள். தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டாரே.

மே 26, ஞாயிறு

அப்பாவோடு படகில் போனேன். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜினுக்குப் போட்டியாகப் பாடினார். சுருதி எங்கோ. நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"மிஷின் இல்லாம பாடினா அவனுங்க எங்க இருக்கானுங்கன்னு எனக்குத் தெரியல. மிஷினோட பாடினா நான் எங்க இருக்கேன்னு ஊருக்கே தெரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஷினை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினேன். மாட்டியதும், "அப்பா, திருவிழாவுக்கு நீங்க வாயை அசைக்க மாட்டீங்க. பாடுவீங்க" என்றேன்.

"சரி கண்ணு" என்றார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நானே நம்பினேனா? தெரியாது. ஆனால் சொல்லியாயிற்று, ஆகஸ்ட் பதினைந்துக்குள் செய்தே ஆகவேண்டும்.

ஜூன் 4

அப்பாவின் இரண்டு அச்சுகளையும், வாய் மூடியது, தக்கை கடித்தது, திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். ஒன்றுமே பொருந்தவில்லை. எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. எது நகர்ந்தது எது நகரவில்லை என்றே சொல்ல முடியவில்லை.

ஜூன் 5

மடச்சி. நகராத இடத்தை வைத்தல்லவா பொருத்த வேண்டும். காதின் வெளிக்கிண்ணம் தாடைக்குக் கட்டுப்பட்டதல்ல. இரண்டு அச்சிலும் அதை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்து, உள்ளே இருப்பதை அதன் போக்கில் விட்டேன். நகர்ந்த இடத்துக்குச் சிவப்பு, நகராததற்கு நீலம்.

என்ன அழகு. முன்சுவர் முழுக்கச் சிவப்பு. பின்பக்கமும் மேல்பக்கமும் நீலம். ஆழத்தில், குழாய் இரண்டாம் முறை வளையும் இடத்துக்கு அப்பால், முழு வட்டமாக ஒரு நீல வளையம். அந்த வளையத்தில் இறுக்கமாகப் பிடித்து, சிவப்பில் விட்டுக்கொடுத்தால் போதும். வாய் என்ன ஆட்டம் ஆடினாலும் சத்தம் கசியாது.

ஆனால் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒன்று வலி, இல்லையேல் விசில். தக்கை காட்டுவது ஒரே ஒரு திறப்பை. பாடும் வாய் நூறு விதமாகத் திறக்கும். ஒரு காதைப் பார்த்து என் கண் அதைக் கற்றுக்கொள்ளாது. பயலுக்கு நூற்றுக்கணக்கான காதுகள் வேண்டும். ஒரே காது, வாய் மூடி ஒன்று, விதவிதமாகத் திறந்து இன்னொன்று என்று ஜோடி ஜோடியாக. அதற்கு எங்கே போவேன்? எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுப் பசை ஏற்றுவதென்றால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

ஜூன் 11

இன்னிக்கு எழுத்து இப்படித்தான் வரும்.

பத்து மணிக்கு ஆபீசுல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பொரிச்ச மத்தி, ரொட்டி. அக்கா யாரோ ஒருத்தரைத் திட்டிட்டு இருந்தா. "மீன் மார்க்கெட் விலைவாசி முழுக்க எங்கிட்ட ஒப்பிச்சான்டி அந்த ஆளு. பசை உள்ள, வாய் பாட்டுக்குப் பேசுது. கடைசில என்ன, ரெண்டு தடவை எடுத்தேன். வாயாடிங்க எல்லாருக்குமே ரெண்டு தடவைதான். முதல்ல பேசினது, அப்புறம் வாயைப் பொத்தினது."

கையில இருந்த மத்தியைத் தட்டுல வெச்சேன்.

ரெண்டு தடவை. ஒரே ஆளு, ஒரே காது. ஒண்ணு வாய் திறந்து, ஒண்ணு மூடி. ஒருத்தன் சிரிச்சான், ஒருத்தி திட்டினா, ஒருத்தன் ஆப்பிள் தின்னான். எனக்கு என்ன வேணுமோ அது அப்படியே. வருஷக்கணக்கா சேர்ந்தது.

அதைத்தானே நான் அழிச்சேன். ஏப்ரல்ல. சந்தோஷமா. காப்புப் பிரதியோட சேர்த்து. சுத்தமாம், பெரிய சுத்தம். விளக்குமாத்தால என்னையே அடிச்சுக்கணும் —

அக்காகிட்ட சொல்ல வாய் வரலை. தலைவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஜூன் 12

சொல்லிவிட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஸ்கேனைத்தானே அழிச்ச? காதை யாரு அழிச்சது?"

கிடங்கு அறைக்குக் கூட்டிப் போனாள். அலமாரி மேலே பிஸ்கட் டப்பாக்கள், கிறிஸ்துமஸ் சாக்லேட் டப்பாக்கள், ஒரு பழைய குக்கர். எல்லாவற்றிலும் காது. ரோஸ், நீலம், பச்சை என்று எத்தனை நிறத்தில் பசை வாங்கினோமோ அத்தனை நிறத்திலும். ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரில் ஆளின் எண்.

"இதையெல்லாம் ஏன்க்கா தூக்கிப் போடல?"

"மனுஷன் காதைக் குப்பையில போடறதா? பாவம் பிடிக்கும். என்னிக்காவது ஒரு தோட்டம் வாங்கினா புதைச்சுடலாம்னு வெச்சிருந்தேன்."

கட்டிப்பிடித்தேன். அவள், "விடுடி, மூச்சு முட்டுது" என்றாள். குண்டுமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்பார்கள். குக்கரில் கிடந்தாலும் மங்காது போலிருக்கிறது. சிலிகான் வருஷக்கணக்கில் சுருங்காது, உருமாறாது. வாயை மூடி எடுத்த ஸ்கேன்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அதே எண்களோடு. வாயாடிகளை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் ஜோடி சேர்ந்துவிடும்.

ஜூன் 20

ஸ்கேன். ஸ்கேன். ஸ்கேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "காதுச் சந்தையா நடத்தறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா ஒவ்வொரு காதையும் எடுத்து வைக்கும்போது ஆளைச் சொல்கிறாள். "இவ மருமகளைத் திட்டிட்டே இருந்தா. இது நம்ம சாமியாரு, என்ன கேட்டாலும் ஒரு பிரசங்கம். இவன் தூங்கிட்டான், ஆனா தூக்கத்துலயும் வாயை மென்னான்." திரையில் பார்த்தால் உண்மையாகவே தெரிகிறது. திட்டுகிறவள் காதில் முன்சுவர் பள்ளமாக இறங்கியிருக்கிறது. சாமியாருக்கு மெல்லிய, நீளமான அலை. இரண்டு மாசம் முன்னால் இதையெல்லாம் கோணல் என்று சொன்னேன். நான் அழித்தது ஊரின் பேச்சு அத்தனையையும்.

ஜூலை 2

பயலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நீலம் வரவேண்டிய இடத்தில் சிவப்பு, சிவப்பில் நீலம்.

ஜூலை 3

பயலுக்கு இல்லை, எனக்குத்தான் பைத்தியம். இடது காதைக் கண்ணாடியில் காட்டினால் வலது காது போல் இருக்கும். அப்படித் திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக் காதாகவே கற்றுக்கொடுக்கலாம். திருப்பினேன். ஆனால் திருப்பும்போது ஒவ்வொரு முக்கோணத்துக்கும் உள்பக்கம் வெளிப்பக்கம் மாறிப்போனதை மறந்துவிட்டேன். பாதிக் காதுகள் சட்டையைத் திருப்பிப் போட்டதைப் போல் வெளியே தையலோடு நின்றிருக்கின்றன. எது சதை, எது துளை என்று பயல் பாவம் எப்படிக் கண்டுபிடிப்பான்.

அப்பாவிடம் சொன்னேன். "கப்பல் தகட்டுலயும் இதே கூத்துதான். வலது பக்கத்து வரைபடத்தை வெச்சு இடது பக்கத்தை வளைச்சுட்டு, ரெண்டு நாள் எல்லாரும் அதைச் சுத்திச் சுத்தி வந்தோம்" என்றார். இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம். அவர் சிரிக்கும்போது காதில் விசில் வந்தது. இந்தத் தடவை கை காதுக்குப் போகவில்லை, வீடுதானே.

ஜூலை 17

இன்று ஒரு சோதனை. பிழையைத் திருத்திப் பயலுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தபோது அப்பாவின் காதுகளைக் காட்டவே இல்லை. வாய் மூடிய அச்சை மட்டும் காட்டினேன். தக்கை கடித்த அச்சை ஒளித்து வைத்துக்கொண்டு, "வாயைத் திறந்தால் இந்தக் காது என்ன ஆகும், சொல்" என்று கேட்டேன்.

சொன்னான். ஒளித்து வைத்ததை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

பொருந்தியது. சிவப்பு சிவப்போடு, நீல வளையம் நீல வளையத்தோடு. ஒரு காது, பிறகு அடுத்த காது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "என்னடி, எறும்பு கடிச்சுதா?" என்றாள். திரையைக் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது வாயாடிங்க சொல்லிக் குடுத்ததா?"

"அவங்கதான்."

"அப்ப இனிமே யாரையும் வாயை மூடுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். மறுநிமிஷமே வரவேற்பறைக்குப் போய் யாரையோ வாயை மூடச் சொல்வது கேட்டது.

ஜூலை 26

ஓடு அச்சாகிவிட்டது. மெருகு போட்டாயிற்று. முன்பக்கம் மெலிந்து, ஆழத்தில் ஒரு வளையம் மட்டும் தடித்து, பார்ப்பதற்கு விநோதமாக இருக்கிறது. அக்கா, "நான் செஞ்சிருந்தா இப்படி செஞ்சிருக்க மாட்டேன்" என்றாள். குறையாகச் சொல்கிறாளா பாராட்டா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஜூலை 27, சனி

அப்பா மாட்டினார். கொட்டாவி விடச் சொன்னேன். ரொட்டி மெல்லச் சொன்னேன். அம்மாவைத் திட்டச் சொன்னேன். மூன்றையும் மனமாரச் செய்தார். சத்தமே இல்லை.

"பாடுங்கப்பா."

"இங்க வேணாம். வீட்டுக்குள்ள தனியா பாடினா என்ன தெரியும்? பக்கத்துல ஆளு வேணும்."

பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். ஒரு வாரம் போட்டுப் பழகட்டும் என்று விட்டுவிட்டேன். புண் வருகிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5

புண் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒத்திகைக்கு அவரோடு போனேன். டோன்ச்சி வந்திருந்தார், ட்ரோகிர்க்காரர். அப்பாவின் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அப்பா ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்தார்.

பேப்போ மாமா, "என்ன ஷ்பீரோ, கெட்டில் எப்படி இருக்கு?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் கண் தரையில்.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே முதல் வரியை எடுத்தார். தனியாக, அடிக்குரலில். கிடங்கு சின்னது. பீப்பாய்கள் வரைக்கும் அதிர்ந்தது. 'ஆ' வரும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'ஆ' வந்தது. நீண்டது. வேறு ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் வரியில் பேப்போ மாமா சேர்ந்தார். பிறகு மற்றவர்கள். டோன்ச்சி சேரவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார்: "என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?"

பேப்போ மாமா மூக்கைச் சொறிந்துகொண்டார். "டேய், நான் அந்த முடிவைச் சொன்னப்ப என்ன காத்து அடிச்சுது?"

"யூகோ" என்றார்கள் நாலைந்து பேர்.

"அப்ப செல்லாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. டோன்ச்சி, நீ எங்கயும் போகாதே. திருவிழா அன்னிக்கு எங்க வீட்டுல சாப்பாடு. ஷ்பீரோ, உன் இடத்துல வந்து நில்லுடா, பீப்பாய்ல என்ன வேலை உனக்கு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள்.

ஆகஸ்ட் 14

பொசுக்குகிற வெயில். அப்பாவின் வெள்ளைச் சட்டையை அம்மா இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். இடுப்பில் கட்டும் சிவப்புத் துணி எங்கே என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். அவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்.

ஒத்திகையில் சரி. ஆனால் கிடங்கு வேறு, வெளி வேறு. சதுக்கத்தில் காற்று, ஒலிபெருக்கி, வேர்வை. வேர்வையில் ஓடு நழுவினால்? எதற்கும் பேட்டரியை மாற்றினேன். பழையதை மறுபடி போட்டேன். மறுபடி புதியதையே போட்டேன்.

ஆகஸ்ட் 15, மாதா திருவிழா

பூசை முடிந்து, தேர் கடற்கரையைச் சுற்றி வந்து நின்றபின், கோயில் படிக்கட்டில் அவர்கள் அரைவட்டம் கட்டினார்கள். அப்பா வலது கோடியில், பேப்போ மாமாவின் தோளில் கை. நானும் அம்மாவும் முன்வரிசையில். அக்கா ஸ்பிளிட்டிலிருந்து வந்திருந்தாள், தான் செய்யாத ஓட்டைப் பார்க்க.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் ஒரு இடம் உண்டு. எல்லோரும் நிறுத்தி, மூச்சு விட்டு, அடிக்குரல் மட்டும் தனியாக மறுபடி தொடங்கும். சதுக்கமே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கேட்டது, மெல்லிசாக, உச்சத்தில், 'கீஈஈ'.

அரைவட்டத்தில் எட்டுத் தலைகளும் அப்பா பக்கம் திரும்பின. அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. என் கை, என் கைதான், என் காதுக்குப் போய்விட்டது.

அப்பாவின் கை போகவில்லை. பேப்போ மாமாவின் தோளிலேயே இருந்தது. அது தன்னிடமிருந்து வரவில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்கிறதே, எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்கிறதே. தெரு முனையில் போலீஸ்காரர் எவனுடைய காரையோ நகர்த்தச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், போலீஸ்காரர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார், பிறகு வாயை நன்றாகத் திறந்து தொடங்கினார்.

நான் அழுதேன், மூக்கு ஒழுக ஒழுக. அக்கா கைக்குட்டை கொடுத்தாள். அவளுக்கும் அது வேண்டியிருந்தது. அதனால் பாதிப் பாதி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டில் மூன்று நாளாக விருந்தாளி. இன்றுதான் ஓய்ந்தது. வாயாடிகளுக்கென்று புதிதாக ஓர் அடைவு திறந்தாயிற்று. நாளையிலிருந்து எல்லோருக்கும் இரண்டு அச்சு என்று முதலாளியே சொல்லிவிட்டார். பேச மாட்டேன் என்கிறவர்களை எப்படிப் பேசவைப்பது என்று அக்கா இப்போதே கவலைப்படுகிறாள். அப்படி ஒருத்தரை எங்கள் ஊரில் அவள் எங்கே கண்டாளோ.

மத்தியானம் அம்மா சரக்கறையிலிருந்து பிர்ஷூத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். ஒரு பக்கம் முழுக்க எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"பாரு. நல்லாப் பாரு. எப்பத் தின்னாருன்னே தெரியல. ஒரு சத்தம் இல்ல, சாடை இல்ல." குரலை நன்றாகத் தணித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "ஏண்டி, உன் பயல்கிட்டச் சொல்லி, இதைத் தின்னும்போது மட்டும் விசில் வர்ற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

தோட்டத்தில், அத்தி மரத்துக்கு அந்தப் பக்கம், அப்பா வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே சொன்னார்.

"கேட்டுச்சு."